பிள்ளையை எங்கே விடுவது? மதுரை வட்டாரத்தில் உறவினர் வீடு, அரசு விடுதி, குழந்தைகள் இல்லம்: ஓர் ஒப்பீடு

தகப்பன் இறந்துபோய், தாயும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ உறவுக்காரர்கள் கூடிப் பேசும்போது முதலில் வரும் பேச்சு, "ஹோம்ல சேத்துருவோமா?" என்பதுதான். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. பிள்ளைகளின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் பற்றிய 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இதையே சொல்கிறது: மற்ற வழிகளையெல்லாம் பார்த்த பிறகே ஒரு பிள்ளையை நிறுவனத்தில் வைக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பிள்ளைக்கு இப்போது எது இல்லை என்பது. பணம் இல்லையா? பக்கத்தில் பள்ளி இல்லையா? இரவில் நம்பி விட்டுப் போக ஒரு பெரிய ஆள் இல்லையா? இந்த மூன்றுக்கும் மூன்று வேறு வழிகள் இருக்கின்றன. பணம் மட்டுமே குறையாக உள்ள பிள்ளையை இல்லத்தில் சேர்த்தால், அதற்கு மிச்சமிருந்த உறவையும் பறித்துவிடுகிறோம். ஆபத்தான வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு உதவித்தொகை வாங்கித் தந்தால், அந்தப் பணம் பிள்ளையைத் துன்புறுத்துகிறவர் கைக்கே போகிறது. தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

உறவினர் வீடும் உதவித்தொகையும்

அப்பத்தாவோ அம்மாச்சியோ தாய்மாமனோ பிள்ளையை வைத்துக்கொள்ள மனதோடு இருந்து, செலவுதான் தடை என்றால் இதுவே முதல் தேர்வு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ளவர்களுக்கும் அது. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனு நின்றுபோவது பெரும்பாலும் காகிதத்தால்தான். பெற்றோரின் இறப்புச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, படிப்புச் சான்று, பிள்ளை பெயரில் காப்பாளரோடு சேர்ந்த வங்கிக் கணக்கு, இத்தனையும் வேண்டும். இவற்றில் அதிகம் சிக்குவது இறப்புச் சான்று. தகப்பன் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் இடத்தில் இறந்திருந்தால் சான்று அந்த ஊரில்தான் வாங்க வேண்டும். அடுத்த சிக்கல் குடும்ப அட்டை. பிள்ளையின் பெயர் பழைய வீட்டு அட்டையில் இருக்கும், பிள்ளை இருப்பதோ அம்மாச்சி வீட்டில். பெயர் மாற்றத்தை முதல் வேலையாக முடியுங்கள். மனு நிதி ஆதரவு மற்றும் வளர்ப்புப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதலுக்குப் போகும். ஒப்புதலான பிறகும் பணம் மாதம் தவறாமல் வரும் என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டாம். பல மாதத் தொகை சேர்ந்து வருவதும் உண்டு.

சோற்றுக்கு வழியில்லை என்பதற்காகச் சிறு பிள்ளையை இல்லத்துக்கு அனுப்ப வேண்டிய காரணம் முன்னைவிட இப்போது குறைவு. 2022 செப்டம்பர் 15 அன்று சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதும் நடக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பாடு. வீட்டில் பார்க்க வேண்டியது இரவுச் சோறும் விடுமுறை நாட்களும்தான்.

இந்த வழி கெட்டுப்போவது எப்படி என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் பிள்ளை என்றால் சித்தி வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளாகிவிடுவாள். பதினைந்து வயதானால் மில் வேலை, அடுத்து கல்யாணப் பேச்சு. ஆண் பிள்ளைக்கு உசிலம்பட்டி, செல்லம்பட்டி வட்டாரத்தில் வேறோர் ஆபத்து இருக்கிறது: முன்பணம் கொடுத்து வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப் போகிறவர்கள். இதையெல்லாம் முதலில் காட்டிக்கொடுப்பது பள்ளி வருகைப் பதிவேடு. சேர்ந்தாற்போல் ஒரு வாரம் பிள்ளை வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் விசாரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட பிள்ளை என்றால் கோட்டாட்சியரின் விடுவிப்புச் சான்று வாங்காமல் விடாதீர்கள். மறுவாழ்வுத் தொகை அந்தச் சான்றின் பேரில்தான் கிடைக்கும்.

அப்பத்தாவுக்கு எழுபது வயது, பிள்ளைக்கு எட்டு வயது என்றால், அடுத்த பத்து வருடத்துக்குள் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். இரண்டாவதாக ஒரு பொறுப்பாளரை, சித்தப்பாவோ மாமனோ, இப்போதே பேசி வைத்துவிட்டால் பிறகு அவசரத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்காது.

அரசு விடுதி

வீட்டில் ஆள் இருக்கிறது, பள்ளிதான் தூரம். அல்லது தாய்க்கு நிலையான இடமில்லாத வேலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு. இவர்களுக்கு விடுதி நல்ல வழி. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், கள்ளர் சீரமைப்பு எனப் பல துறைகளின் விடுதிகள் இங்கே உண்டு. 2025 ஜூலையில் அரசு விடுதிகள் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றப்பட்டன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் விடுதிகளும் மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களுக்கே உரியவை. 1920-இல் பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்த காலத்தில் உருவான ஏற்பாடு அது. பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மாணவியருக்கு இந்தத் தூர விதி இல்லை. பள்ளி திறந்ததும் ஜூனிலேயே மனுக் கொடுங்கள். தாமதமானால் காலியிடம் இருக்காது.

பள்ளி விடுதி உணவுப்படி 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 47 ரூபாய்க்குள் வருகிறது. இந்தத் தொகையில் நல்ல சாப்பாடு போடும் விடுதிகளும் இருக்கின்றன, போடாதவையும் இருக்கின்றன. ஒருநாள் இரவு ஏழு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். சாம்பாரில் பருப்பு இருக்கிறதா, முட்டை எத்தனை நாள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது, காப்பாளர் இரவில் அங்கேயே தங்குகிறாரா என்பது. ஒரே வார்டன் இரண்டு விடுதிகளைப் பார்க்கும் இடத்தில் இரவுப் பொறுப்பு மூத்த மாணவன் கைக்குப் போகும். அடிதடியும் மிரட்டலும் தொடங்குவது அங்கேதான்.

விடுதியின் பெரிய குறை விடுமுறை. தீபாவளி, பொங்கல், அரையாண்டு, மே மாதம் முழுவதும் கதவு பூட்டப்படும். போக வீடு உள்ள பிள்ளைக்கு அது ஒரு பிரச்சினையில்லை. வீடில்லாத பிள்ளையை விடுதியில் மட்டும் சேர்த்து வைத்தால், கோடை விடுமுறையில் அது எங்கே போகும்? தெரிந்தவர் கடையில் எடுபிடியாக, பட்டறையில் உதவியாளாக. ஜூனில் சில பிள்ளைகள் திரும்பி வருவதே இல்லை. ஆகவே விடுதிக்கு மனுப் போடுமுன் மே மாதத்தில் பிள்ளை யார் வீட்டில் இருக்கும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத ஒரு பெயர் இல்லை என்றால் விடுதி உங்களுக்கு உரிய வழி அல்ல.

பெண் பிள்ளை இடையில் படிப்பை விட்டவள் என்றால் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாவையும் விசாரியுங்கள். கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களில் தங்கிப் படிக்கும் வசதியோடு நடப்பது அது.

குழந்தைகள் இல்லம்

இரவில் நம்பி விட ஆளே இல்லாத பிள்ளைக்கு, வீட்டிலேயே வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு, மதுரை ஜங்ஷனிலோ மாட்டுத்தாவணியிலோ தனியாகக் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்கு இல்லம்தான் வழி. இங்கே அவசரப்படக் கூடாது.

நேராக ஓர் இல்லத்துக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டு வருவது சட்டப்படி தவறு. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், அல்லது பாதுகாப்பு அலகுக்குச் சொல்லலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை எங்கே வைப்பது என்று ஆணையிடும் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை, நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை என்பது சட்டத்தில் உள்ள கெடு. விசாரணைக்கு வருகிறவரிடம் உறவினர் பெயர்களை ஒன்று விடாமல் சொல்லுங்கள். 'யாருமே இல்லை' என்று சொன்னால் சீக்கிரம் சேர்த்துக்கொள்வார்கள் என்று சிலர் மறைக்கிறார்கள். அதனால் பிள்ளைக்கு மாமன் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போகும் வழியும் அடைபட்டுப் போகும்.

தாய் படிக்காதவர் என்றால் கையெழுத்து வைக்கும் தாளை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது வேறு, பிள்ளையை ஒப்படைத்துவிடுவது வேறு. ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் இரண்டு மாதத்துக்குள் மனம் மாறிச் சொல்லலாம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தத்துக்கு உரியதாகிவிடும்.

இரண்டு வகைச் சான்றிதழ்கள் உண்டு, பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். பெற்றோர் உள்ள பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் விடுதி மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஆட்சியரின் உரிமம் வேண்டும். அறக்கட்டளைப் பதிவுப் பத்திரமும் வருமான வரி விலக்குக் கடிதமும் இவற்றுக்கு ஈடாகாது. 2021-இல் மதுரையிலேயே ஒரு காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டி விற்கப்பட்டது வெளிவந்து வழக்கானது. அந்தக் காப்பகத்துக்கு நல்ல பெயர் இருந்தது. பெயரையும் சுவரில் மாட்டிய விருதுகளையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சேர்த்துக்கொள்ளக் கட்டணமோ முன்பணமோ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளே போனதும் எதைப் பார்ப்பது? இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளில் அளவுகள் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்குப் படுக்கையறையில் 40 சதுர அடி. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. ஐம்பது பிள்ளைகளுக்கு நான்கு இல்லத்தாய் அல்லது இல்லத்தந்தை, மூன்று வழக்குப் பணியாளர், இரண்டு மனநல ஆலோசகர். இந்தப் பணியிடங்கள் எல்லாம் நிரம்பிய இல்லத்தைத் தனியார் தரப்பில் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் இல்லத்தாய் இல்லாமல் வாட்ச்மேனை வைத்தே இரவை ஓட்டும் இடத்தில் பிள்ளையை விடக் கூடாது. அந்த இல்லத்தாய் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறினால் பிள்ளைகள் யாரிடமும் ஒட்டுவதில்லை.

சாப்பாட்டுக்கும் அளவு உண்டு. பிள்ளைக்கு நாளுக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 600 கிராம், பருப்பு 120 கிராம், பால் 150 மில்லி. ஐம்பது பேருக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ பருப்பு, மாதம் 180 கிலோ. பண்டக அறையில் இருபது கிலோ மூட்டை ஒன்று மட்டும் இருந்து, கடை ரசீதும் இல்லையென்றால், தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கேட்கவே வேண்டாம்.

யோசனைப் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைத் தலைவராகக் கொண்ட நிர்வாகக் குழுவிடம் அது இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை திறக்கப்பட வேண்டும். சாவி கண்காணிப்பாளர் மேசையில் கிடந்தால், அவரைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை எழுதும்? அடுத்து, ஏழாம் படிவம் என்னும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிற பிள்ளைகளின் தாள்களை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. வெற்றுப் படிவத்தை வைத்து எப்படி நிரப்புகிறார்கள் என்று விளக்கச் சொன்னாலே போதும். ஐம்பது பேருக்கும் ஒரே வாக்கியத்தை எழுதுகிறவர்கள் விளக்கத் தெரியாமல் நிற்பார்கள்.

வயது கலந்து படுப்பதுதான் இல்லங்களில் நடக்கும் பெரும் கேடுகளுக்கு வழி திறக்கிறது. எட்டு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பையனும் ஒரே அறையில், விளக்கணைந்த பிறகு பெரியவர் யாரும் இல்லாமல் இருந்தால், அது காத்திருக்கும் விபத்து. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் இல்லத் தலைவர் போலீசுக்குச் சொல்லாமல் 'உள்ளேயே பேசி முடித்தால்' குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் அதுவே தண்டனைக்குரிய குற்றம்.

படிப்பு: உள்ளேயா, வெளியேயா?

இல்லத்துக்கும் இல்லத்துக்கும் இடையே நாங்கள் மிகவும் வேறுபாடு காண்பது இங்கேதான். சில இல்லங்கள் வளாகத்திலேயே தனியார் பள்ளி நடத்துகின்றன, ஆங்கில வழி, டை, ஷூ எல்லாம் உண்டு. மற்றவை பக்கத்து அரசுப் பள்ளிக்கு அனுப்புகின்றன. பார்த்தவுடன் முதலாவது உயர்வாகத் தெரியும். ஆனாலும் அரசுப் பள்ளிக்கு அனுப்பும் இல்லத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பிலும் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, அந்த இடத்தில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளியிலோ, தமிழ் வழியில் அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தவர்களுக்குத்தான். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு இவை சொத்து மாதிரி. வளாகப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கும் நாளில் அந்தச் சொத்து கைவிட்டுப் போகிறது, யாரும் அதைச் சொல்வதும் இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. தினமும் வெளியே போய் வரும் பிள்ளைக்கு இல்லத்துக்கு வெளியே ஓர் ஆசிரியரும் நாலு தோழர்களும் இருப்பார்கள். அடி வாங்கிய தழும்பை வேறு கண்கள் பார்க்கும்.

வன்கொடுமையில் தப்பி வந்து, தேடி வரும் ஆட்களுக்குப் பயந்து இருக்கும் பிள்ளைக்குச் சில மாதம் வளாகத்துக்குள்ளேயே கற்பது பாதுகாப்பு. அது விதிவிலக்கு.

பள்ளி மாறும்போது பழைய தலைமை ஆசிரியர் மாணவர் விவரங்கள் உள்ள எமிஸ் தளத்தில் பிள்ளையைக் காமன் பூல் என்னும் பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும். டிசி கையில் இருந்தும் இது நடக்காமல் புதிய பள்ளியில் பெயர் ஏறாது. டிசி தாமதம் என்று சொல்லிச் சேர்க்க மறுப்பதற்குக் கட்டாயக் கல்விச் சட்டம் இடம் தரவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பயிற்சியில் ஈடுகட்ட வேண்டும். முதல் வாரத்திலேயே இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதில் திணறினால், மாலை டியூஷனில் ஏழாம் வகுப்புப் பாடத்தை ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக்க ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அதற்கு முன் ஒரு கண் பரிசோதனை. கரும்பலகை தெரியாததாலேயே மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் நிறைய.

சாதிச் சான்றையும் மறக்காதீர்கள். தகப்பன் வழிச் சான்று கிடைக்கும் என்றால் பழைய ஆவணங்கள் தொலையுமுன் வாங்கிவிடுங்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல் அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட இல்லத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனி இடம் இருக்கிறது.

பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லங்களில் சாப்பாடு போடும் நல்ல மனது மதுரையில் நிறைய. ஞாயிறு மதியம் ஒரே இல்லத்துக்கு மூன்று வீட்டுப் பிரியாணி வந்து சேரும், செவ்வாயன்று காய் வாங்கக் காசு இருக்காது. அந்தத் தொகையை மாலைப் பாட ஆசிரியர் சம்பளமாகவோ செருப்பு, கண்ணாடிச் செலவாகவோ கொடுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைத்துப் படமெடுத்து வெளியிடும் இல்லத்தை விட்டு விலகுங்கள். அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது.

வளர்ப்புப் பராமரிப்பு

உறவில்லாத குடும்பம் நலக்குழுவின் ஆணையோடு பிள்ளையை வளர்ப்பது இது. மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. 2024 வழிகாட்டுதல் தனியாக வாழ்பவர்களும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்கிறது. நல்ல வழிதான், ஆனால் நம் பக்கம் இதற்கு முன்வரும் குடும்பங்கள் மிகக் குறைவு. கைக்குழந்தைக்கும் நடை பழகும் குழந்தைக்கும் தத்து போன்ற குடும்ப வழியை முதலில் தேடியே ஆக வேண்டும். ருமேனியாவில் 2000-இல் 136 குழந்தைகளை வைத்துத் தொடங்கிய ஆய்வில், இரண்டு வயதுக்குள் காப்பகத்திலிருந்து குடும்பத்துக்கு மாற்றப்பட்டவர்கள் அறிவிலும் ஒட்டுதலிலும் தெளிவாக மேம்பட்டார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு இல்லத்தில் ஒரு வருடம் என்பது பெரிய இழப்பு.

முடிவெடுத்த பிறகு

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். தாய்க்கு மதுரையிலேயே நிலையான வேலை கிடைத்திருக்கலாம், தாய்மாமன் கல்யாணமாகித் தனிவீடு போயிருக்கலாம். இல்லத்திலிருந்து பிள்ளையை வீட்டுக்குத் திரும்ப அனுப்பக் கோரி நலக்குழுவுக்கு எழுதலாம். வீட்டுக்கு வந்த பிறகு நிதி ஆதரவுக்கும் மனுச் செய்யலாம்.

இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பதினேழு வயதானதும் பதினெட்டுக்கான வேலையைத் தொடங்குங்கள். பதினெட்டோடு தங்கும் உரிமை முடிகிறது. பிற்காலப் பராமரிப்பு 21 வரை, சில நிலைகளில் 23 வரை உண்டு, ஆனால் அது தானாக வராது, பிள்ளை வெளியேறுமுன் மனுச் செய்து ஆணை வாங்க வேண்டும். ஆதாரில் இல்லத்தின் முகவரிதான் இருக்கும். வெளியேறிய பின் கல்லூரி சேர்க்கைக்கும் வங்கிக்கும் வேறு முகவரி தேவைப்படும். ஓர் உறவினரின் முகவரிக்கு அதற்கு முன்பே மாற்றுங்கள். கல்லூரிக்குப் போக விருப்பமில்லாதவர்களுக்குக் கே.புதூர் அரசு ஐடிஐ இருக்கிறது. அங்கே விண்ணப்பம் திறக்கும் நேரத்தில் மதிப்பெண் சான்றும் சாதிச் சான்றும் டிசியும் அசலாகப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். இல்லத்தின் பீரோவிலிருந்து அவற்றை வாங்கி, நகல் எடுத்து, உறவினர் ஒருவரிடம் ஒரு தொகுப்பைக் கொடுத்து வையுங்கள்.